கண் பரிசோதனைக்கு நான் கொடுத்த பயிற்சி

போர் முடிந்து சில வருடங்களாகியிருந்தன. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்துக்கு வந்த முஸ்லிம்களின் பிள்ளைகள் படிக்கும், கற்பிட்டி வீதியிலுள்ள சிறிய பாடசாலையொன்றில் நான்காம் வகுப்பு என் பொறுப்பில் இருந்தது. நானும் அப்படி வந்தவள்தான். "அகதிப் பிள்ளைகள்" என்ற பேச்சைச் சிறுவயதிலேயே போதும் போதுமென்று கேட்டிருந்தேன். வெளியிலிருந்து யார் வந்து பார்த்தாலும் எங்கள் பிள்ளைகளில் ஒரு குறையும் தெரியக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி.

மருத்துவப் பரிசோதனைக்கு ஒரு கிழமை முன்னதாகச் சுகாதாரப் பரிசோதகர் கண் பார்க்கும் அட்டையைக் கொண்டுவந்து தந்தார். பிள்ளைகள் பயப்படாமல் பழகட்டும் என்பது அவருடைய எண்ணம். மூன்று கால் வைத்த ஆங்கில 'ஈ' என்ற ஒரே எழுத்து, வரிக்கு வரி சிறுத்துக்கொண்டு போகும். கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று கையால் காட்ட வேண்டும். நான் நன்றாகவே பழக்கினேன். வலம், மேல், இடம், கீழ் என்று கடைசி வரி வரைக்கும் வாய்ப்பாடு போலப் பாடமாக்க வைத்தேன்.

பரிசோதனையன்று ஒருவரும் தடுமாறவில்லை. "பிள்ளைகள் எல்லாம் ஹொந்தாய், டீச்சர்," என்று சிங்களம் கலந்து பாராட்டினார் பரிசோதகர். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த தவணையில் ஒரு மாணவி பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்தே எழுதத் தொடங்கினாள். தாய் வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். புலமைப் பரிசில் பரீட்சைக்கு நான் நம்பியிருந்ததே இவளைத்தான். கள்ள வேலை பழகிவிட்டாள் என்று கோபம் வந்தது. கடைசி வாங்கில் தனியே கொண்டுபோய் இருத்தினேன். அங்கே அவள் எழுதுவதையே விட்டுவிட்டாள்.

திருப்பிக் கொடுக்காத அட்டை எங்கள் சுவரிலேயே தொங்கியது. கச்சான் காற்றில் அது விழ, யாரோ தலைகீழாக மாட்டிவிட்டார்கள். ஒருநாள் விளையாட்டாக, "எங்க, எல்லாரும் காட்டுங்க பாப்பம்," என்றேன்.

"டீச்சர், அட்டை தலகீழா இருக்கு," என்று பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் மட்டும் கடைசி வாங்கில் எழுந்து நின்று, பழைய வரிசையை ஒரு பிழையுமில்லாமல் கையால் காட்டிக்கொண்டிருந்தாள்.

"கரும்பலகையில என்ன எழுதியிருக்கு, மகள்?"

"தெரியல்ல, டீச்சர்."

தாயையும் கூட்டிக்கொண்டு புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு கண்ணிலும் குறை. இடது கண் கண்ணாடி போட்டாலும் முழுதாகத் தெளியுமென்று சொல்ல முடியாது, முந்தியே கொண்டுவந்திருந்தால் நல்லது என்றார் டொக்டர். பாடசாலைப் பரிசோதனையில் எப்படித் தப்பியது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பஸ் தரிப்பிடத்தில் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க கண்டுபிடிச்சிருக்காட்டி எண்ட புள்ளட கதி என்ன, டீச்சர்? அல்லாஹ் ஒங்கட கண்ணுக்கு ஒரு குறையும் வைக்காம காப்பாத்தோணும்."

வெட்கத்தில் எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஆமீன்," என்றேன்.