நோடுக்கு ஆயுத பூஜை

கம்பம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது என் கடை. பிரவுசிங் சென்டர் என்று போர்டு எழுதித் திறந்தேன். எல்லார் கையிலும் போன் வந்தபிறகு பிரவுசிங் போய்விட்டது, சென்டர் மட்டும் என்னோடு தங்கிவிட்டது. இப்போது பிழைப்பு ஜெராக்ஸிலும் ஆன்லைன் விண்ணப்பத்திலும் ஓடுகிறது. பின்னறையில் மட்டும் நாலு பழைய கம்ப்யூட்டர்கள், விற்றாலும் வாங்க ஆளில்லாமல், பென்ஷன் வாங்கப் போனவர்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன.

அந்தப் பின்னறை மேல் என் மனைவிக்கு ஒரு கண். அவள் துணி தைப்பவள். வீட்டு ஹாலில் ஒரே ஒரு மெஷினைப் போட்டுக்கொண்டு தைப்பாள். தீபாவளி நெருங்கினால் நாங்கள் சோறு தின்னும் இடமெல்லாம் ஜாக்கெட் துணியாகக் கிடக்கும். இன்னும் இரண்டு மெஷின் வாங்கி, துணைக்கு இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு, கடைப் பின்னறையில் தைக்க வேண்டும் என்பது அவள் திட்டம். நியாயமான திட்டம். நியாயமான திட்டங்களுக்குக் குறுக்கே படுப்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

இந்தத் தடவை எப்படிப் படுத்தேன் என்றால், அந்த அறையில் கிரிப்டோ நாணய மைனிங் ஆரம்பித்தேன்.

சும்மா மைனிங் இல்லை. மைனிங் என்றால் உலகம் முழுக்க ஆட்கள் கம்ப்யூட்டரை வைத்து ஒரு புதிருக்கு விடை தேடிக்கொண்டே இருப்பார்கள். விடை கிடைத்தவருக்குப் புது நாணயம். அந்த விடைக்கு பிளாக் என்று பெயர். தனி ஆளாகத் தேடினால் என்னுடைய கம்ப்யூட்டர்களுக்குப் பேரன் காலத்தில்கூடக் கிடைக்காது. அதனால் பலபேர் கூட்டுச் சேர்வார்கள். சாதாரணக் கூட்டில் ஒரு முதலாளி இருப்பார், கமிஷன் எடுப்பார், பங்கு பிரிப்பார். நான் கண்டுபிடித்த கூட்டில் முதலாளியே கிடையாது. சேருகிற ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு நோடு ஓட்ட வேண்டும். அதாவது, யார் எவ்வளவு உழைத்தார்கள் என்கிற மொத்தக் கணக்கையும் நம் கம்ப்யூட்டரே வைத்திருந்து சரிபார்க்க வேண்டும். முதலாளி இல்லாத தொழில் என்று படித்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. என் கடையிலும் முதலாளி இருக்கிற மாதிரி யாருக்கும் தெரிவதில்லை.

இதை முதலில் விளக்கியது மச்சானிடம். என் மனைவியின் அண்ணன். ஊருக்கு மேற்கே வாய்க்கால் பாசனத்தில் நெல் போடுகிறவர். உரக்கடைக்கு வந்தவர் அப்படியே என் கடைக்குள் நுழைந்து, பின்னறையில் அடித்த அனலைப் பார்த்து நின்றுவிட்டார்.

“என்ன மாப்ள, உள்ள நெல்லு அவிக்கிறியா?”

“மைனிங் மச்சான். காசு தோண்டுது.”

“தோண்டுறதுக்குப் பள்ளம் எங்கன?”

அவருக்குப் புரியும்படி சொல்ல, வாய்க்காலில் ஆளுக்கொரு நேரம் வைத்துப் பாய்ச்சும் முறைத்தண்ணீரைத் துணைக்கு அழைத்தேன். “ஒங்க வாய்க்கால் மாதிரிதான் மச்சான். எல்லாரும் சேந்து வேலை செய்யிறோம். சின்ன விடை ஒண்ணு கெடச்சா நம்ம பேருல ஒரு பங்கு விழும். அந்தப் பங்கு கொஞ்ச மணி நேரந்தான் உசுரோட இருக்கும். அதுக்குள்ள கூட்டத்துல யாருக்காச்சும் பெரிய விடை கெடச்சிருச்சுன்னா, பங்கு வச்சிருக்கிற அத்தன பேருக்கும் பிரிச்சுக் குடுத்துரும்.”

“பிரிக்கிறது யாரு?”

“யாரும் இல்ல. எல்லாருகிட்டயும் கணக்கு இருக்கு. ஒருத்தரு பொய் சொன்னா மத்தவுக ஏத்துக்கிட மாட்டாக.”

“எங்க வாய்க்கால்லயும் எல்லாருகிட்டயும் கணக்கு இருக்கு மாப்ள. அதனாலதான் மம்பட்டியத் தூக்குறாக.” கொஞ்சம் யோசித்தார். “முறை வர்றப்ப ஆளு மடையில நிக்கணும்ல? போன போகத்துல உத்தமபாளையத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள என் தண்ணி அடுத்தவுக வயலுக்குப் போயிருச்சு.”

“அதே கததான் மச்சான்!” என்றேன் உற்சாகமாக. “மெஷினு எந்நேரமும் ஓடணும். நிப்பாட்டுனா முறை போச்சு.”

எவ்வளவு தைரியமாகச் சொன்னேன் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். எனக்கு முழுதாகத் தெரியாத விஷயங்களைத்தான் நான் மிகத் தெளிவாகப் பேசுவேன்.

மனைவியிடம் இந்தத் தெளிவு எடுபடவில்லை. அவள் நிபந்தனை போட்டாள்.

“விஜயதசமிக்குள்ள இது ஒரு தடவையாச்சும் சம்பாதிச்சுக் காட்டட்டும். காட்டுச்சுன்னா ரூம்பு ஒங்களுக்கு, நான் வாயத் தெறக்க மாட்டேன். காட்டலன்னா விஜயதசமியன்னைக்குக் காலைல என் மெஷினு உள்ள வரும், ஒங்க மெஷினு வெளிய போகும்.”

“சரி” என்றேன். மூன்று மாதம் இருந்தது. மூன்று மாதத்தில் பணக்காரனாகாதவன் உண்டா?

நோடுக்கென்று முன்கடையிலிருந்து கொஞ்சம் தெம்பான ஒரு பெட்டியைக் கொண்டுவந்து, பின்னறையில் அந்த நாலு பழசுகளோடு சேர்த்து வைத்தேன். முதல் மாதம் கணக்கை இறக்குவதிலேயே போய்விட்டது. நோடு ஓட வேண்டுமானால் அந்த நாணயம் பிறந்த நாளிலிருந்து நடந்த மொத்த வரவுசெலவும் நம் கம்ப்யூட்டருக்கு வர வேண்டும். பாதி வந்திருக்கும்போது, உச்சாணி வரைக்கும் வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று சந்து முனையில் திரும்பி, எங்கள் இன்டர்நெட் கேபிளைக் கொடியில் காயும் துணியை உருவுவது மாதிரி உருவிக்கொண்டு போனது. கேபிள்காரர் வந்து ஒட்டவைத்தபிறகு கரண்டு போனது. கரண்டு வந்தபிறகு டிஸ்க் நிரம்பியது. மலையடியில் இருக்கும் லோயர் கேம்ப்பில் அவ்வளவு உயரத்திலிருந்து தண்ணீரைக் கொட்டிக் கரண்டு எடுக்கிறார்கள். அது என் பின்னறைக்கு வந்து வெறும் அனலாகப் போகிறதே என்று எனக்கே சங்கடமாக இருக்கும். ஆனால் ஒருநாள் காலையில் திரையில் நூறு சதவீதம் என்று வந்தது பாருங்கள், ஜெராக்ஸ் எடுக்க வந்த பெரியவர் ஒருவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவர் தன் பட்டா நகல் இவ்வளவு நன்றாக வந்துவிட்டதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பங்கு விழுந்தால் கோயில் மணி மாதிரி ஒலிக்க ஏற்பாடு செய்தேன். இரண்டாவது மாதம் ஒரு தடவை மணி அடித்தது. நாற்காலியை விட்டு எழுந்து ஆடினேன். அந்தப் பங்கு உயிரோடிருந்த நேரத்துக்குள் கூட்டத்தில் யாருக்கும் பிளாக் கிடைக்கவில்லை. பங்கு காலாவதி. மூன்றாவது மாதம் இன்னொரு தடவை அடித்தது. மறுபடி ஆடினேன், மறுபடி காலாவதி. மனைவி கடைக்கு வரும்போதெல்லாம் இஞ்சு டேப்பை எடுத்துச் சுவரை அளப்பாள். அளப்பாள், அவ்வளவுதான்.

இப்படியே ஆயுத பூஜை வந்துவிட்டது. மறுநாள் விஜயதசமி.

அன்று சாயங்காலம் அவள் ஈரத் துணியும் சந்தனக் கிண்ணமுமாகக் கடைக்கு வந்தாள். மச்சானும் கூட வந்திருந்தார். பொரி, பூசணிக்காய் எல்லாம் அவர் பொறுப்பு. ஜெராக்ஸ் மெஷினைத் துடைத்து, பொட்டு வைத்து, பிளக்கைப் பிடுங்கினாள். லேமினேஷன் மெஷினுக்கும் அதே. பின்னறைக்குள் நுழைந்து, நோடு ஓடும் பெட்டியின் மேல் துணியை வைத்தாள்.

டிங், டிங், டிங்.

“பங்கு!” என்று அலறினேன். “பங்கு விழுந்துருச்சு!”

“நல்ல சகுனம்” என்று சொல்லிக்கொண்டே சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினாள்.

நான் பாய்ந்து சுவிட்சை மறைத்தேன். “நிப்பாட்டாத! இப்பத்தான் விழுந்துருக்கு. கொஞ்ச நேரத்துல யாருக்காச்சும் பிளாக் கெடச்சா நமக்குக் காசு. இன்னைக்கு மட்டும் ஓடட்டும்.”

“ஆயுத பூஜையன்னைக்கு எவனாச்சும் ஆயுதத்த ஓட்டுவானா?”

மச்சான் சேர்ந்துகொண்டார். “மெயின் ரோட்டுல போயிப் பாரு மாப்ள. லாரிக்காரன் மாலையப் போட்டு நிப்பாட்டிருக்கான். கேரளாவுக்குப் போற ஜீப்புக்காரனே வண்டியக் கழுவி நிப்பாட்டிட்டான். ஒனக்கு மட்டும் என்ன அவசரம்?”

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் வாழ்க்கையில் எனக்கு யோசனை தோன்றிய நேரங்களையெல்லாம் நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. “இது ஆயுதமே இல்ல” என்றேன். “தொழில் சாமானுக்குத்தான பூஜை? இது தொழில் சாமான் இல்ல.”

மனைவி கையைக் கீழே போட்டாள். முகத்தில் ஒரு நிம்மதி. “தொழில் இல்லையா? அப்பச் சரி. தொழில் இல்லாததுக்குத் தொழில் பண்ற கடையில என்ன வேலை? அண்ணே, இதத் தூக்கி வெளிய வை.”

மச்சான் உண்மையாகவே வேட்டியை மடித்துக் கட்டினார்.

“ஆயுதந்தான்! ஆயுதந்தான்!” என்று கத்தினேன்.

“ஆயுதம்னா நிப்பாட்டுங்க.”

வேறு வழியில்லாமல் என் கையாலேயே நிறுத்தினேன். விசிறி சுற்றிச் சுற்றி அடங்கியது. மூன்று மாதமாக அறையில் இருந்த இரைச்சல் போய், வெளியே பொரி விற்பவரின் குரல் கேட்டது. பெட்டியின் நெற்றியில் மூன்று விரலால் சந்தனம் பூசி, குங்குமம் வைத்தாள். விசிறி ஓட்டைக்குள் விபூதி தூவப் போனவளை மட்டும் காலில் விழாத குறையாகத் தடுத்தேன். சூடம் காட்டும்போது எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். நான் ஒரு கண்ணைத் திறந்து பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயோ முகம் தெரியாத ஒருவருக்கு இந்நேரம் பிளாக் கிடைத்துக்கொண்டிருக்கும். பங்கு பிரிக்கும்போது மடையில் என் ஆள் இல்லை. தண்ணீர் அடுத்த வயலுக்கு. சுண்டல் தொண்டையில் இறங்கவில்லை. இரண்டு தடவை வாங்கித் தின்றும் இறங்கவில்லை.

மறுநாள் காலை நான் கடைக்குப் போகுமுன்பே வாசலில் சுமை ஆட்டோ நின்றது. அதில் இரண்டு புது தையல் மெஷின்கள், மாலை போட்டு. மச்சான் ஆட்டோ மேல் உட்கார்ந்திருந்தார். மனைவி பட்டுச்சேலை கட்டி, கழுத்தில் இஞ்சு டேப்போடு நின்றாள்.

“கழட்டலாமா?” என்றேன், தலையைக் குனிந்து.

“அதுக்குள்ள எப்பிடி? பூஜையில வச்ச ஆயுதத்த விஜயதசமியன்னைக்கு ஒரு தடவையாச்சும் ஓட்டணும்ல. ஓட்டுங்க. அப்புறம் கழட்டிக்கிரலாம்.”

ஓட்டினேன். சந்தனம் காய்ந்து பெட்டியின் நெற்றியில் வெடித்திருந்தது. நேற்றிலிருந்து விட்டுப்போன கணக்கையெல்லாம் நோடு உலகத்திலுள்ள மற்ற நோடுகளிடமிருந்து அவசர அவசரமாகக் கேட்டு வாங்கியது. வேலை முடிந்ததும், சம்பிரதாயத்துக்கு, நாணயம் வந்து சேரும் கணக்கைத் திறந்தேன்.

அங்கே ஒரு வரி இருந்தது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். இருந்தது. நேற்று சாயங்காலம், நாங்கள் சூடம் காட்டிச் சுண்டல் தின்ற நேரத்தில், கூட்டத்தில் யாருக்கோ பிளாக் கிடைத்திருக்கிறது. என் பங்கு அப்போது உயிரோடு இருந்திருக்கிறது. என் பெட்டியில் இல்லை, மற்ற எல்லாருடைய பெட்டியிலும்! அவர்கள் கணக்கில் என் பெயர் இருக்க, பிளாக்கிலேயே என் பங்கையும் எழுதி அனுப்பிவிட்டார்கள். எல்லாரிடமும் கணக்கு இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த நான் அதை ஒரு நிமிடம்கூட நம்பவில்லை. வாய்க்காலை உதாரணம் சொன்னவன், அந்த உதாரணத்துக்குள்ளேயே விழுந்து முங்கிக் கிடந்திருக்கிறேன். இங்கே மடையில் ஆளே தேவையில்லை! ஆள் தூங்கினாலும் தண்ணீர் வயலுக்கு வருகிறது!

“வந்துருச்சு!” என்று வாசலுக்கு ஓடினேன். “வந்துருச்சு! வந்துருச்சு!”

ஆட்டோக்காரர் பயந்து இறங்கிவிட்டார். மனைவி உள்ளே வந்து திரையைப் பார்த்தாள். “எம்புட்டு?”

“ஒரு டீ விலையில…” குரல் கொஞ்சம் இறங்கியது. “பாதி.”

மச்சான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “மூணு மாசம் அவிச்சு அரை டீயா மாப்ள! மீதி அரை டீயக் குடிக்க ஒம் பேரன் வருவானா?”

அவள் சிரிக்கவில்லை. “நிப்பாட்டி வச்சிருந்தப்பவா வந்துச்சு?”

“ஆமா. சூடத்துக்கும் சுண்டலுக்கும் நடுவுல.”

“வேலை செய்யாம சம்பளம் வாங்குறது இந்தக் கடையில நீங்க ஒரு ஆளுதான்னு நெனச்சேன்” என்றாள். பிறகு அண்ணனிடம் திரும்பினாள். “ஒரு தடவை காட்டட்டும்னுதான் சொன்னேன். எம்புட்டுன்னு சொல்லல. ரூம்பு இவுகளுக்கு. மெஷின வீட்டுக்கே கொண்டு போ அண்ணே.”

நான் ஜெயித்துவிட்டேன். என் வாழ்க்கையில் அவளிடம் ஜெயித்தது அதுதான் முதல் தடவை என்பதால், அடுத்து என்ன செய்ய வேண்டுமென்று தெரியவில்லை. சுற்றிப் பார்த்தேன். அந்த நாலு பழைய கம்ப்யூட்டர்களும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. மூன்று மாதத்தில் அவை செய்ததெல்லாம் அனல் மட்டும்தான். கணக்கு வைத்ததும் பங்கு பிடித்ததும் ஒரே ஒரு பெட்டி. ஒரு பெட்டிக்கு ஒரு அறை எதற்கு? அறை கேட்டதெல்லாம் என் வீம்புதான்.

“மச்சான், எறக்குங்க” என்றேன். “எங்கனயும் போக வேண்டாம். உள்ளதான்.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் ஏதோ புதுத் தந்திரம் செய்கிறேன் என்றே கடைசிவரை நினைத்தாள் என்று நினைக்கிறேன். பழைய கம்ப்யூட்டர்களை நானும் மச்சானும் வெளியே தூக்கினோம், தையல் மெஷின்களை உள்ளே தூக்கினோம். ஆனாலும் கொடுத்த வாக்கை ஒரேயடியாக விட்டுவிட அவளுக்கு மனசில்லை. டேப்பை எடுத்து நோடுப் பெட்டியை நீளம், அகலம் அளந்தாள். மூலையில் குனிந்து, துணி வெட்டக் கோடு போடும் நீலச் சாக்கட்டியால் தரையில் ஒரு கட்டம் வரைந்தாள்.

“இது ஒங்க எடம். கோட்டத் தாண்டி ஒரு வயரு வந்தாலும் கத்தரிதான்.”

பெட்டியைக் கோட்டுக்குள் சரியாக இறக்கி, பிளக்கைச் செருகினேன். விசிறி சுற்ற ஆரம்பித்தது. நிமிர்ந்து நின்றால், நான் நிற்க அந்த அறையில் இடமில்லை. வாசலுக்கு வந்து, எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.