ராஜப்பன் விட்டுப்போன கம்பளம்

காலை பதினொரு மணிக்கு மருத்துவமனையிலிருந்து செய்தி வந்தது, ராஜப்பன் இறந்துவிட்டார். அதியமான்கோட்டைப் பட்டறையில் அவரோடு கம்பளம் கழுவும் கலைமதி, அப்போதுதான் ஒரு காஷ்மீர் கம்பளத்தை அலசி முடித்திருந்தாள்.

“சுருட்டி வெச்சுட்டுக் கெளம்புடி. ரெண்டு மணிக்கே அவரு ஊரு பாப்பாரப்பட்டியில எடுக்குறாங்களாம். மொகத்தப் பாக்க வேணாமா?” என்றாள் பக்கத்து டீக்கடை சுகுணா.

“ஈரத்தோட சுருட்டுனா பூவெல்லாம் கலங்கிடும்க்கா. மனுசன் பாடையிலிருந்து எந்திரிச்சு வந்து திட்டுவாரு.”

திட்டக்கூடியவர்தான். கையால் முடிச்சிட்ட கம்பளத்தை, ஈர வெள்ளைத் துணியால் ஒவ்வொரு நிறத்தையும் ஒற்றிப் பார்க்காமல் அவர் தண்ணீரில் இறக்கியதே இல்லை. துணியில் சாயம் ஒட்டினால், “இது இன்னும் அழுவுதுங்க, தண்ணி ஆகாது” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். கல்யாண வீட்டுக்காரர்கள் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் மசியமாட்டார். அவர் கை பட்டு வெளிறிய கம்பளம் ஒன்றுகூடக் கிடையாது.

சுகுணா அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாக அதை நிழலில் மூங்கில் படல்மேல் சுருக்கமில்லாமல் விரித்தார்கள். கம்பளி இழையின் போக்கிலேயே உள்ளங்கையால் வழித்துவிட்டு, கலைமதி பஸ் ஏறினாள். முகம் பார்க்கக் கிடைத்தது.

கம்பளம் நிறம் மாறாமல் காய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முடித்துக்கொள்கிறேன் என்று ராஜப்பன் விட்டுப்போன ஓரக் குஞ்சம் மட்டும் பாதி முடிச்சோடு நிற்கிறது.