மூன்றாம் முறை கேட்டபோது

2024 அக்டோபர் ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், கொலுவின் முன்னால், பக்கத்து வீட்டு ஆன்ட்டியை என் அம்மா ஒரு பாட்டுப் பாடச் சொன்னாள். நேரம் எனக்குத் துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம், அடுத்து என்னைக் கேட்பார்களோ என்ற அச்சத்தில் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

ஆன்ட்டிக்கு அப்போது எண்பத்தெட்டு வயது. பிரான்ஸில் பிறந்த யூதப் பெண்மணி. கணவர் இறந்தபின் தனியாக வசித்தவர். டெக்ஸாஸிலிருந்து நாங்கள் இந்தத் தெருவுக்குக் குடிவந்தபோது எனக்கு எட்டு வயது. எங்கள் சாமான்கள் வர இரண்டு நாள் தாமதமாயிற்று. அவர் தம் வீட்டு நாற்காலிகள் நான்கைப் புல்வெளி வழியாக ஒவ்வொன்றாக இழுத்துவந்து எங்கள் கூடத்தில் போட்டார். வெறும் கூடத்தில் அந்த நான்கு நாற்காலிகளும் ரசஞ்சாதத்தின் வாசனையும் மட்டும் இருந்த அந்த இரண்டு நாட்களைப் போல் மகிழ்ச்சியான நாட்கள் அந்த வீட்டில் பிறகு அமையவில்லை என்று சில சமயம் தோன்றும்.

ஒவ்வொரு நவராத்திரிக்கும் அவர் கூட்டமில்லாத ஒரு காலை வேளையில் வருவார். எந்தப் பொம்மை புதிது என்று என்னைக் கேட்பார். சுண்டலை ஒவ்வொரு கடலையாக எடுத்துச் சாப்பிடுவார். “என் அம்மாவும் கொண்டைக்கடலையை வேகவைத்து உப்பும் மிளகும் போட்டுத் தருவாள்” என்று ஒரு முறை சொன்னார். பதினான்கு ஆண்டுகளில் தம் தாயைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு வாக்கியம்தான். என் பிறந்தநாட்களில் எல்லாரும் பாடும்போது அவருடைய உதடுகள் அசையும், ஒலி வராது. அவரும் என்னைப் போல் கூச்சமுள்ளவர் என்று எண்ணி, அதைக் கண்டுகொண்டதற்காக நான் பெருமைப்பட்டதும் உண்டு.

அந்த ஆண்டு என்னால் பல்கலைக்கழகத்திலிருந்து வார இறுதியில் மட்டுமே வர முடிந்தது. என்னைப் பார்க்கட்டும் என்று அம்மா அவரை ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வரச் சொல்லிவிட்டாள்.

கொலுப் பாட்டுக்கு யாரும் எழுதிவைக்காத விதி ஒன்று உண்டு. பாடச் சொன்னால் முதல் முறை மறுக்க வேண்டும். இரண்டாம் முறையும் மறுக்கலாம். மூன்றாம் முறை பாடிவிட வேண்டும். பக்கத்து ஊரான எடிசனிலிருந்து வந்திருந்த அம்மாவின் தோழி அன்றும் அதன்படியே தொடங்கினார்.

“ரெண்டு நாளா தொண்டை கட்டியிருக்குப்பா.”

“போன வருஷமும் இதே தொண்டைதானே? இன்னுமா டாக்டர்கிட்ட காட்டல?” என்றாள் அம்மா.

கூடம் சிரித்தது. இன்னொரு முறை மறுத்துவிட்டு, தோழி மூன்று சரணங்களையும் தடங்கலின்றிப் பாடி முடித்தார்.

அம்மா பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் திரும்பினாள். “நவ் யூ, ஆன்ட்டி. எனி சாங்.”

“நான் பாடுவதில்லை” என்றார் அவர், ஆங்கிலத்தில்.

“பாரேன், நம்மள மாதிரியே பிகு பண்றாங்க!” என்று தோழி மகிழ்ந்துபோனார்.

“ஜஸ்ட் டூ லைன்ஸ், ஆன்ட்டி.”

“மன்னியுங்கள். என்னால் முடியாது.”

அம்மா அவருடைய கையைப் பற்றிக்கொண்டாள். “ப்ளீஸ், ஆன்ட்டி. ஒன்லி ஃபேமிலி ஹியர்.”

அவருடைய வாய் திறந்தது. உடனே கையால் அதைப் பொத்திக்கொண்டு எழுந்தார். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ளாமல், யாரையும் பார்க்காமல், வெளியே போய்விட்டார்.

“கோச்சுக்கிட்டாங்களா? நான் வேற சிரிச்சுத் தொலைச்சேனே” என்றார் தோழி.

“நீ போய்ப் பாருடி” என்றாள் அம்மா என்னிடம். “நான் போனா இன்னும் ஏதாவது உளறி வெப்பேன்.”

அவர் தம் சமையலறையில் தண்ணீர்க் குவளையோடு அமர்ந்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். கொலுவில் மறுப்பை மறுப்பாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் எங்களுக்கு இல்லை என்று சொல்லி, அந்த மூன்று முறை விதியையும் விளக்கினேன். அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். பிறகு சொல்லத் தொடங்கினார்.

இரண்டாம் உலகப் போரின்போது அவருக்கு ஏழு வயது. தந்தையை ஏற்கெனவே பிடித்துச் சென்றிருந்தார்கள். யூதக் குழந்தைகளைச் சுவிட்சர்லாந்து எல்லைக்கு அழைத்துச்சென்ற ஓர் இளம்பெண்ணிடம் தாய் அவரை ஒப்படைத்தாள். கோட்டுப் பொத்தான்களைப் போட்டுவிட்டு, வீட்டில் பேசும், யூதர்களின் மொழியான யித்திஷில் ஒரு சொல்லும் வாயிலிருந்து வரக்கூடாது என்று சொல்லி அனுப்பினாள். ரயிலில் ஜெர்மன் படைவீரர்கள் சோதனைக்கு ஏறியதும் அந்த இளம்பெண் குழந்தைகளைப் பாடச் சொன்னாள். விடுமுறைக்குப் போகும் பள்ளிக்கூடக் குழந்தைகளாகத் தெரியவேண்டும் அல்லவா. எல்லாரும் பிரெஞ்சுப் பாட்டுப் பாடினார்கள். அந்தப் பாட்டு இவருக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றே ஒன்று, பொத்தான் போடும்போது தாய் பாடும் யித்திஷ் பாட்டு. ஒரு வீரன் எதிரில் வந்து நின்றான். இவர் உதடுகளை மட்டும் அசைத்தார். பக்கத்தில் இருந்த சிறுமி இரண்டு பேருக்கும் சேர்த்து உரக்கப் பாடினாள். வீரன் நகர்ந்தான். அன்று மாலை முள்வேலிக்கு அடியில் ஊர்ந்து எல்லையைக் கடந்தார்கள். தாய் பின்னால் வரவேயில்லை.

“அவளுடைய புகைப்படம்கூட என்னிடம் இல்லை. இருப்பது அந்தப் பாட்டுதான். என் பிள்ளைகளுக்குக்கூட நான் பாடியதில்லை.”

நான் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் அருகில் அமர்ந்தேன்.

“எல்லாரும் நாகரிகமானவர்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள். உன் அம்மா விடவில்லை. மூன்றாம் முறை கேட்டபோது அது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வெளியே வந்தபின் பாதிதான் மிச்சமிருக்கிறது என்று தெரிந்தால் என்ன செய்வேன்? அதனால்தான் ஓடிவந்தேன்.” குவளையை நகர்த்தி வைத்தார். “பயந்துகொண்டே இருந்தால் என்னோடு அதுவும் போய்விடும். நாளைக் காலையில் வா. மூன்று முறை கேள்.”

மறுநாள் காலை ஏழரை மணிக்குப் போனேன். பாடச் சொன்னேன். “முடியாது” என்றார். மறுபடியும் சொன்னேன். “முடியாது.” அவர் முகத்தைப் பார்த்தபோது மூன்றாம் முறை கேட்க எனக்கு நா எழவில்லை. பின்கதவைத் திறந்து, புல்வெளிக்கு அப்பால் இருந்த அம்மாவைக் கூப்பிட்டேன். முந்தைய நாளே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன்.

நைட்டிக்கு மேல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அவள் வந்தாள். “எட்டு மணிக்கு எனக்கு மீட்டிங்டி. ஒரு வார்த்தை கேக்கறதுக்கு உனக்கு ஆள் வேணுமா?” என்று என்னைக் கடிந்துவிட்டு, ஆன்ட்டியின் பக்கத்தில் அமர்ந்து, தன்னை அறியாமல் தமிழிலேயே சொன்னாள்: “பாடுங்க, ஆன்ட்டி.”

அவர் கண்களை மூடிக்கொண்டு பாடினார். சிறு குரல். நடுவில் ஒரு வரி வரவில்லை. அதை முனகிக் கடந்துவிட்டு அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டார். அம்மாவின் விரல்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

அந்த மொழியின் எழுத்து எனக்குத் தெரியாது. அவரும் அதை எழுதக் கற்கும் முன்பே தாயைப் பிரிந்தவர். என் பாடக் குறிப்பேட்டில் கேட்ட ஒலிகளைத் தமிழ் எழுத்தில் எழுதினேன். வராத வரிக்கு இடம் விட்டேன். இன்னொரு முறை பாடச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. நான் ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்த்துத் திருத்தினேன். அதற்குள், பல்கலைக்கழகத்துக்குத் திரும்ப நான் பிடிக்க வேண்டிய ரயில் பிரின்ஸ்டன் ஜங்ஷனிலிருந்து புறப்பட்டுப் போயிருந்தது.