அனுமதிக்கு முன் வந்த நல்ல நாள்

2023 செப்டெம்பர் 26, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து, கிணற்றடியில் குளித்து, பாணுக்குச் சம்பல் இடித்து, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி முடிய ஆறு ஐம்பது. ஏழு பத்துக்குத் தம்பியும் அவன் மனைவியும் ஓட்டோவில் வந்தார்கள். ஒன்பது மணி வழக்குக்கு ஏழரைக்கே நீதிமன்ற வாசலில் நின்றோம். தம்பி சிறைக்குப் போவானா, எங்களோடு திரும்புவானா என்பது அன்று தெரிந்துவிடும்.

நடந்தது இதுதான். வீட்டுக் கூரைக்குச் சிலாகைச் சட்டங்கள் வேண்டுமென்று தன் சொந்த வளவில் நின்ற இரண்டு பனைகளைத் தம்பி தறித்தான். அதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். ஐந்து வாரங்களுக்கு முன்பே விண்ணப்பித்தும் இருந்தான். நானும் கூடப் போனேன். பத்திரம் வருமுன் சாத்திரியார் குறித்த நாள் வந்துவிட்டது. ஆவணி முடிந்தால், புரட்டாசியில் எங்கள் பக்கத்தில் ஒருவரும் வீட்டு வேலைக்கு மரத்தில் கைவைக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு மாரி. ஆகவே நாளைத் தவறவிடாமல் தறித்துவிட்டான். மர ஆலைக்குக் குற்றிகள் ஏற்றிப் போன உழவு இயந்திரத்தை மருதனார்மடச் சந்தியில் பொலிஸ் மறித்தது.

"மச்சாள், காத்துக்கு விழுந்த மரமெண்டு சொன்னா என்ன?" என்றாள் தம்பி மனைவி.

"ஓம், காத்து வாளோடை வந்து அறுத்து, மிசினிலையும் ஏத்தி விட்டதாக்கும்," என்றேன்.

தம்பி சிரித்துவிட்டான். "உள்ளதைச் சொல்லுவன் அக்கா. வாறது வரட்டும்."

எங்களுக்கு முன் ஒரு மரக்கடத்தல் வழக்கு. வைக்கோலுக்கு அடியில் முதிரைக் குற்றிகள், காலாவதியான பத்திரம், மூன்றாவது தடவை. அந்த ஆளுக்குச் சிறை. அவர் இறங்கிய கூண்டில்தான் தம்பி ஏறினான்.

தம்பி குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

"பத்திரம் வரும்வரை ஏன் பொறுக்கவில்லை?" என்று நீதவான் கேட்டார்.

"நாள் தப்பிப்போடும் ஐயா."

"நாள் வைத்த சாத்திரியார், பொலிஸ் மறிக்கும் என்று சொல்லவில்லையோ?"

"வெட்டினது நல்ல நேரத்திலைதான் ஐயா. ஏத்தினதுதான் ராகு காலத்திலை."

மன்றம் முழுவதும் சிரித்தது. நீதவான் உதட்டை இறுக்கிக்கொண்டார். எங்கள் சட்டத்தரணி திரும்பி என்னைப் பார்த்தார். கோப்பிலிருந்து முத்திரை குத்திய விண்ணப்பச் சீட்டை எடுத்து நீட்டினேன். நீதவான் அதை இரண்டு முறை வாசித்தார்.

"முதற்குற்றம். சொந்த மரம். தேவைக்கு வெட்டியது. ஒளித்துக் கடத்தவில்லை, பொய்யும் சொல்லவில்லை. முந்திய வழக்கின் தண்டனை இவருக்குப் பொருந்தாது. ஆனால் விண்ணப்பம் கொடுத்தது அனுமதி கிடைத்தது ஆகாது."

குற்றிகள் அரசுடைமை. சிறை இல்லை. மூன்று மாதத்துக்குள் ஊர்க் குளக்கட்டில் நூறு பனங்கொட்டைகள் நட்டு, கிராம அலுவலரின் கடிதத்தோடு வரவேண்டும். இன்னொரு முறை பிடிபட்டால் இந்தச் சலுகை கிடையாது.

சிறை இல்லை! எழுந்த வேகத்தில் பக்கத்தில் இருந்தவரின் காலை மிதித்துவிட்டேன். அவரோ, "பரவாயில்லையம்மா, நல்ல தீர்ப்பு," என்றார். இரண்டு மரத்தின் குற்றிகளும் போனது இழப்புத்தான். ஆனால் அது அவன் செய்த பிழையின் அளவுக்குச் சரியாக இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மூவரும் வெளியே வந்தோம்.

"நூறுதானே? இருநூறு நடுவம்!" என்று தம்பி மனைவி கத்தினாள்.

"மெல்லமாக் கதையுமப்பா," என்றான் தம்பி. "ஐயாவுக்குக் கேட்டா இருநூறாக்கிப் போடுவார்."

மறுநாள் ஐந்தே முக்காலுக்கு, தேநீர்கூடக் குடிக்காமல், மூவரும் இரண்டு சாக்குகளோடு வளவின் பின்பக்கம் போய், இரவு விழுந்த பனம்பழங்களைப் பொறுக்கினோம்.