தாய்மாமன் போட்ட பேனர் படம்

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். பஸ் கொஞ்சம் தாமதமானாலே தெருமுனைக்குப் போய் நின்றுவிடுவேன். அப்படிப்பட்டவளுக்கு பிளஸ் ஒன் படிக்கிற மகள், அவள் கையில் ஒரு போன். நானோ எட்டாவதோடு நின்றவள். போனில் பேசத் தெரியும், வந்த படத்தைப் பார்க்கத் தெரியும். அவ்வளவுதான்.

கொஞ்ச நாளாக அவள் போனைக் கவிழ்த்தே வைத்தாள். யாரோ ஒரு பையன் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். லாக்கை எடுத்துக் காட்டச் சொன்னேன். மாட்டேன் என்றாள். அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டுகிற அவள் அப்பாவிடம் சொன்னதற்கு, போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டு என்றார்.

பூட்டுவது சுலபம். ஆனால் அதோடு அவள் வாயும் பூட்டிக்கொள்ளும். எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது. மறுநாள் சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அரியும்போது அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.

"போனப் புடுங்க மாட்டேன் பாப்பா. என்னன்னு மட்டும் சொல்லு."

"அப்பா புடுங்கச் சொன்னா?"

"அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

போனைத் திருப்பிக் காட்டினாள். அவளுடைய மஞ்சள் நீராட்டு விழாவுக்கு வைத்த பேனரின் படம். பட்டுப் புடவையும் மாலையுமாக அவள். பக்கத்திலேயே அவள் பேர், எங்கள் பேர், ஊர்ப் பேர். எவனோ முன்பின் தெரியாதவன், அதிலிருந்த பேரை வைத்துத் தேடிப் பிடித்து, அந்தப் படத்தையே அவளுக்கு அனுப்பி, இப்போது எந்த ஸ்கூல் என்று கேட்டிருந்தான். பிளாக் செய்தால் வேறு பேரில் வருகிறானாம்.

"இத நான் போடலம்மா. மாமாதான் பேஸ்புக்ல போட்டுச்சு."

அது உண்மைதான். போனில் உன் போட்டோவைப் போடாதே என்று அவளுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன். அவளும் ஒரு பூப் படத்தைத்தான் வைத்திருந்தாள். நாங்கள்தான் அவளை ஆள் உயரத்துக்கு மேல் பெரிதாக்கி பஸ் ஸ்டாப்பில் கட்டினோம்.

காலையிலேயே குரும்பலூரில் இருக்கிற என் தம்பி வீட்டுக்கு பஸ் ஏறினேன். தம்பி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். படத்தை எடுத்துவிடு என்றதும் அவனுக்குச் சுருக்கென்றது.

"சீர் செஞ்சவன் நானு. எங்கக்கா மவள நான் போடாம வேற எவன் போடுவான்? ஊரே லைக் போட்டுச்சுக்கா."

"ஊரு மட்டும் பாக்கலடா" என்று சொல்லி, அந்த முன்பின் தெரியாதவன் கேட்டிருந்ததைச் சொன்னேன். தம்பி தட்டிலேயே கையைக் கழுவிவிட்டான்.

எடுக்க அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. எதையோ அழுத்தி அந்தப் படத்தையே மறுபடி ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான். பதறிப்போய் என் மகளுக்கே போன் போட்டோம். எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, இவன் "சரி தாயி, சரி தாயி" என்று கேட்டுக் கேட்டு எடுத்தான். பிறகு அந்தப் படத்தை வாங்கிப் போட்ட சொந்தக்காரர்களுக்கெல்லாம் அவனே போன் செய்தான். ஒருத்தர், நல்லாத்தானே இருக்கு, இருக்கட்டுமே என்றார். அவர் எடுக்கிறவரை நான் நகரவில்லை.

சாயங்காலம் அவள் அப்பா போன் செய்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இப்போதாவது போனைப் பூட்டினாயா என்றார்.

"இல்லங்க. அவகிட்டதான் இருக்கு. புடுங்கிருவோம்னு பயந்துதான் இத்தன நாளா மூடி வச்சிருந்தா. இப்பப் புடுங்குனா, அடுத்து ஒண்ணு வந்தா நம்மகிட்ட சொல்லுவாளா?"

ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். வாக்குக் கொடுத்துவிட்டேன், மாற்ற மாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

"அப்ப நீயாச்சு, ஒம் மவளாச்சு" என்றார் கோபமாக.

"ஆமாங்க, நானாச்சு" என்றேன்.