காரீயம் வந்த வழி

பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் மருத்துவமனையில் கோடிங் வேலை பார்க்கிறேன். நோயாளி வீடு திரும்பியதும் டாக்டர் எழுதிய குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டைக் கணினியில் போட வேண்டும். யாருடைய முகத்தையும் நான் பார்ப்பதில்லை.

அன்று வந்தது மூன்று வயதுப் பெண் குழந்தையின் கோப்பு. வயிற்று வலி, ரத்தசோகை, ரத்தத்தில் காரீயம். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவள் பேச்சைக் குறைத்துவிட்டதாகத் தாய் சொல்லியிருந்தார். ரத்தத்தில் காரீயம் கூடுதலாக இருப்பதற்கு ஒரு குறியீடு. அது நஞ்சாகி உடம்பைக் கெடுத்திருந்தால் வேறொன்று. எது என்று குறிப்பில் தெளிவாக இல்லை. நாங்களாக ஊகித்துப் போடக்கூடாது. டாக்டருக்குப் போன் செய்தேன்.

"நஞ்சுதான்லா. டிஸ்சார்ஜ் சம்மரியில சேர்த்துடறேன்," என்றார்.

"எப்படி டாக்டர் உள்ள போச்சு? பெயிண்டா, நாட்டு மருந்தா?"

"ரெண்டும் இல்ல. அப்பா பழைய பேட்டரி உடைக்கிற எடத்துல வேலை செய்றாரு. அந்தக் காரீயத் தூசி சட்டையோட வீட்டுக்கு வந்திருக்கு. புள்ள எப்பவும் அவர் மடியிலதான்."

போனை வைத்தேன். என் கணவரும் கிள்ளானில் லோரி பேட்டரிகளை உடைக்கும் பட்டறையில்தான் வேலை செய்கிறார். எங்கள் மகளுக்கு நான்கு வயது. சில வாரங்களாக வயிறு வலிக்கிறது என்று சோற்றைத் தள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கிளினிக்கில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்திருந்தார்கள்.

கிள்ளான் போகும் ரயிலில் நின்றபடியே வந்தேன். அவள் கடைசியாகப் புதுச் சொல் எதையாவது சொன்னது எப்போது? யோசிக்க யோசிக்க எதுவும் நினைவுக்கு வரவில்லை.

கதவைத் திறந்தால், வேலைச் சட்டையோடு அவர் சோபாவில் இருந்தார். மகள் அவர் நெஞ்சில் முகம் புதைத்துப் படுத்திருந்தாள்.

"புள்ளைய எறக்குங்க!"

என் குரலில் இருவருமே பயந்துபோனார்கள். அவள் அழத் தொடங்கினாள்.

"என்னம்மா ஆச்சு? ஏன் கத்துற?"

யாருடைய கோப்பு என்று சொல்லாமல், டாக்டர் சொன்னதை மட்டும் சொன்னேன். அவர் மகளை இறக்கிவிட்டு வெளியே போய்ச் சட்டையைக் கழற்றினார். திரும்பி வந்தவர் மகளைத் தொடாமல் வாசற்படியிலேயே நின்றார். "நான் குளிச்சிட்டு வரேன். அதுவரைக்கும் அவள நீயே தூக்கிக்க," என்றார்.

மறுநாள் அவருக்கும் மகளுக்கும் ரத்தம் எடுத்தோம். முடிவு வரும்வரை நான் வீட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவர் தனியாகப் பாய் போட்டுப் படுத்தார். "அப்பா என்கிட்ட கோவமா?" என்று மகள் கேட்டபோது அவளை இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

இருவர் ரத்தத்திலும் காரீயம் இருந்தது. அவருக்கு மிக அதிகம். அவரை வார்டில் சேர்த்துச் சிகிச்சை கொடுத்தார்கள். மகளுக்கு மருந்து வேண்டிய அளவுக்கு இல்லை; தூசி நின்றால் தானாகக் குறையும், மறுபடியும் சோதித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். கணவர் பட்டறையை விட்டுவிட்டுச் செமினியில் ஒரு கிடங்கில் சேர்ந்தார்.

அடுத்த சோதனையில் மகளுக்கு அளவு இறங்கியிருந்தது. ஆனால் மூளையில் ஏதாவது பாதிப்பு உண்டா என்பது பள்ளிக்குப் போன பிறகுதான் தெரியும் என்றார்கள். அவள் ஒரு சொல்லைத் தேடித் தயங்கும்போதெல்லாம் நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்க்கிறோம்.