கமாண்டரின் முகமும் என் சீசன் டிக்கெட்டும்

“சார், இது உங்க பையனா?”

போன வாரம் கும்மிடிப்பூண்டி லோக்கலில் செக்கர் மேடம் என்னைக் கேட்ட கேள்வி இது. அவர் கையில் என் சீசன் டிக்கெட்டுக்கான அடையாள அட்டை. அதில் என் போட்டோ. அதாவது, நான்தான் என்று நான் நம்பிக்கொண்டிருக்கும் ஒருவரின் போட்டோ.

எனக்குப் பையன் கிடையாது. இரண்டும் பெண்.

ஆனால் இந்த வம்பு ரயிலில் ஆரம்பிக்கவில்லை. அதற்கு ஒரு வாரம் முன்னால், விண்வெளியில் ஆரம்பித்தது.

எங்கள் பெட்டியில் ஒரு சின்ன கோஷ்டி உண்டு. பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டியில் பேரிங், பெல்ட் கடை வைத்திருக்கும் காதர் பாய். பூர்வீகம் பழவேற்காடு, இப்போது வீடு திருவொற்றியூரில். அடுத்து, அத்திப்பட்டிலிருந்து வரும் லேத் ஆபரேட்டர் முனுசாமி. மூன்றாவது நான். மீஞ்சூரில் ஏறுவேன். ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவு. டிராயிங்கில் இருப்பதும் கையில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்த்து, இல்லையென்றால் ‘தேறாது’ என்று சிவப்பு டேக் கட்டுவது என் உத்தியோகம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் என் மானத்தை வாங்கப் போகிறது.

பாய் எனக்கு முன்னாலேயே ஏறிவிடுவார். ஜன்னலோர சீட்டில் கட்டம் போட்ட நீலக் கைக்குட்டையை விரித்து வைப்பார். யாராவது உட்கார வந்தால், “ஆள் வராரு” என்பார். அவ்வளவுதான். பல வருஷமாக அந்த சீட் என் பெயரில்தான் இருக்கிறது... பத்திரப்பதிவு மட்டும்தான் பாக்கி.

எங்கள் மூவருக்கும் பொதுவாக இன்னொரு விஷயமும் உண்டு. ஒரு விண்வெளிக் கதை. வாலிப வயதில் தியேட்டரில் பார்த்தது. அப்புறம் அது இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று வளர்ந்து, இப்போது போனில் வாரா வாரம் தொடராக வருகிறது. ரயிலில் இதைப் பற்றிப் பேச ஒரு வாட்ஸ்அப் குரூப் கூட வைத்திருக்கிறோம். பெயர் ‘கும்மிடி கேலக்ஸி’. சிரிக்காதீர்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். அதில் ஒரு கடா மீசை செக்யூரிட்டி ஆபீசரும் உண்டு.

அந்த வாரம் என்ன ஆனது என்றால் — கமாண்டர் வந்துவிட்டார்.

முதல் படத்தின் ஹீரோ அவர். நடித்தவருக்கு இப்போது தள்ளாத வயது. ஆனால் தொடரில் ஒரு இரும்புக் கதவு திறக்கிறது... புகை... பச்சை விளக்கு... கமாண்டர் நடந்து வருகிறார், அன்று பார்த்த அதே முகத்தோடு! ஒரு சுருக்கம் இல்லை. கம்ப்யூட்டரில் வயசைக் குறைத்திருக்கிறார்கள்.

குரூப் இரண்டாகப் பிளந்தது. பாதிப் பேர் அழுகிற பொம்மையாக அனுப்பித் தள்ளினார்கள். மீதிப் பேர், “மெழுகு”, “வாய் ஒரு பக்கம், டயலாக் ஒரு பக்கம்” என்று திட்டினார்கள். செக்யூரிட்டி ஆபீசர், “தலைவா, இந்த ஜென்மம் போதும்” என்று எழுதினார். நான்? மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உத்தியோக தோரணையில் தீர்ப்பு எழுதினேன்: ‘ரப்பர் மூஞ்சி. வயசானவரை வயசானவராகவே காட்ட என்ன வெட்கம்? என் டேபிளுக்கு வந்திருந்தால் சிவப்பு டேக்!’

நிறைய கைதட்டல் வந்தது. கைதட்டல் வந்தால் நான் அடுத்த நாளும் பேசுவேன். அது என் வியாதி.

மறுநாள் ரயிலில் பாய் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். “நைனா, சிரிக்காத. அந்தக் கதவு தொறந்துச்சு பாரு... எனக்கு அழுகையே வந்துட்ச்சு. பீவி பார்த்துட்டு, கடைல எதுனா நஷ்டமான்னு கேக்கறா.”

நான் பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். “பொம்மைக்கு அழுத முதல் ஆள் நீதான் பாய்! எங்க கம்பெனி வாசல்ல ஒரு திருஷ்டி பொம்மை தொங்குது. வா, அதுக்கும் கொஞ்சம் அழுதுட்டுப் போ.”

பெட்டி சிரித்தது. எதிர் சீட் அம்மா சிரித்தார். பாய் சிரிக்கவில்லை. கைக்குட்டையை மடித்து பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் மீஞ்சூரில் ஏறினால்... ஜன்னலோரத்தில் வேறு ஒருவர் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பாய் நாலு வரிசை தள்ளி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நான் கதவோரம் நின்றேன்.

முனுசாமிதான் காதில் போட்டான். “இன்னா சார் நீ. பாயோட அண்ணன் மவுத்தாயி இன்னும் வருஷம் திரும்பல. அந்த மொதல் படத்தை அண்ணனும் தம்பியும் பொன்னேரில ஒண்ணா பார்த்தாங்களாம். உனுக்குத் தெரியாதா?”

தெரியாது. அண்ணன் இறந்தது தெரியும். துக்கம் விசாரிக்கக்கூடப் போனேன். இது தெரியாது.

அதற்கப்புறம் என் பீதி ஆரம்பித்தது. மன்னிப்பு கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது? ‘பாய், சாரி’ என்று டைப் செய்தேன். மொட்டையாக இருந்தது, அழித்தேன். நீளமாக எழுதினேன். இரங்கல் கடிதம் மாதிரி இருந்தது, அழித்தேன். ஒரு சிரிப்பு பொம்மை போட்டேன். ஐயோ, பொம்மை! அதையும் அழித்தேன். என் பெயருக்குக் கீழே ‘டைப்பிங்’ என்று அவர் போனில் தெரிந்துகொண்டே இருந்திருக்கும். நேரில் கேட்கலாம் என்றால், நாலு வரிசையைத் தாண்ட எனக்குக் கால் வரவில்லை. ஒரு வாரம் கதவோரமாகவே கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்ந்தேன்.

அந்த நிலைமையில்தான் கவரைப்பேட்டை தாண்டியதும் செக்கர் மேடம்.

இப்போது அந்தப் போட்டோவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எடுத்தது. தலையில் காடு மாதிரி முடி, கன்னத்தில் சதை கிடையாது. அதிசயமாக அழகாக வந்துவிட்டதால், ஸ்டூடியோவில் சொல்லி ஒரு கத்தை காப்பி போட்டு வைத்துக்கொண்டேன். அட்டை காலாவதியாகும்போதெல்லாம் அதிலிருந்து ஒன்றை எடுத்து ஒட்டிவிடுவேன். கவுன்டரில் இருப்பவர்கள் சீல் குத்துவார்களே தவிர நிமிர்ந்து பார்ப்பதில்லை. ரயில்வேயைப் பொறுத்தவரை எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

கமாண்டருக்கு வயசைக் குறைக்க ஒரு கம்பெனியே ராப்பகலாக உட்கார்ந்து வேலை பார்த்திருக்கும். நான் பசை டப்பாவோடு முடித்துவிட்டேன். அந்தக் காரியத்தைச் செய்த கையால்தான் ‘ரப்பர் மூஞ்சி’ என்று டைப் செய்தேன்! இது அந்த நிமிஷம் வரை எனக்கு உறைக்கவே இல்லை.

“பையன் இல்ல மேடம். நான்தான்.”

“நீங்களா?” அட்டையை வெளிச்சத்தில் பிடித்தார். “வேற ஏதாவது கார்டு இருக்கா?”

ஆதாரை நீட்டினேன். ஆதார் போட்டோவில் யார்தான் ஆள் மாதிரி இருக்கிறார்கள்? அதில் நான் பென்ஷன் வாங்கி, அதுவும் நின்று போனவன் மாதிரி இருப்பேன்.

மேடம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “இதுல காலேஜ் முடிச்ச மாதிரி இருக்கீங்க. அதுல எழுபது மாதிரி இருக்கீங்க. நடுவுல நிக்கிறது யாரு சார்? பேர் ஒண்ணா இருக்கு, முகம் மூணா இருக்கே?”

பெட்டி காதைத் தீட்டிக்கொண்டது. இட்லிக்காரர் மெல்லுவதை நிறுத்தினார். பின்னாலிருந்து முனுசாமி குரல் — “சார், செவப்பு டேக் கட்டிறலாமா?”

“கும்மிடிப்பூண்டில இறங்கினதும் ஆபீசுக்கு வாங்க. பேசிக்கலாம்” என்றார் மேடம்.

நான் மனதுக்குள் புழல் ஜெயில் வரை போய்விட்டேன். ஆள்மாறாட்டம். அதுவும் என்னையே நான் ஆள்மாறாட்டம் செய்தது! இதற்கு எத்தனை வருஷம் போடுவார்கள்? மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்கள்? பெண்ணுக்கு இன்னும் மாப்பிள்ளையே பார்க்கவில்லை என்பதுகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

“உங்களை இங்க யாருக்காவது தெரியுமா?”

என் கண் தானாக நாலு வரிசை தள்ளிப் போனது. பாய் எழுந்து வந்துகொண்டிருந்தார்.

அட்டையை வாங்கினார். போட்டோவை நிதானமாகப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி போட்டோ.

“இந்தப் போட்டோல கீற ஆளை எனக்கு நல்லாத் தெரியும் மேடம். தங்கமான மனுசன். யார் மனசும் நோவப் பேச மாட்டான்.” கொஞ்சம் நிறுத்தினார். “இவரு யாருன்னுதான் தெரியல.”

ரயில் முழுக்கச் சிரித்தது. மேடமும் சிரித்துவிட்டார். நான் மட்டும் சிரிக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பாய் என் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ... திரும்பினார். “அந்த எடது காதைப் பாருங்க மேடம். ஒரு பக்கம் கதவைத் தொறந்து வச்ச அம்பாசடர் மாதிரி நிக்குதா? போட்டோலயும் அதேதான். முடி போவும், மூஞ்சி மாறும். இந்தக் காது இன்னொருத்தனுக்கு இருக்காது. இவன்தான்.”

மேடம் போட்டோவின் காதைப் பார்த்தார், என் காதைப் பார்த்தார். “சரி. புது போட்டோ ஒட்டுங்க சார். அடுத்த தடவை காதைப் பார்த்தெல்லாம் விட முடியாது” என்று நகர்ந்தார்.

“பாய்... அந்த பொம்மைன்னு சொன்னது...”

“உடு நைனா. பொம்மைதான் அது. எனுக்குத் தெரியாதா? வாய் அசையறதே சரியில்ல.” ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். “நான் அந்த மூஞ்சியைப் பார்த்து அழல. கதவு தொறந்ததும், ‘அண்ணே, பாரு’ன்னு பக்கத்துல திரும்பிட்டேன். அதான்.”

ரயில் கும்மிடிப்பூண்டிக்குள் நுழைந்தது.

குரூப்பில் இன்னும் சண்டை ஓயவில்லை. மெழுகா, முகமா என்று அடித்துக்கொள்கிறார்கள். நான் இப்போது ஒன்றும் எழுதுவதில்லை. இத்தனை பேர் கமாண்டரின் கன்னத்தையும் கண்ணையும் அளந்துகொண்டிருக்கிறோமே, முதல் தடவை பார்த்தபோது பக்கத்து சீட்டில் யார் இருந்தார்கள் என்று ஒருத்தராவது ஒருத்தரைக் கேட்டோமா? அந்த நாற்காலியைத் திரும்ப நிரப்ப எந்தக் கம்ப்யூட்டர் இருக்கிறது?

மறுநாள் மீஞ்சூரில் ஏறினேன். ஜன்னலோரத்தில் கட்டம் போட்ட நீலம். இட்லிக்காரர் நின்றுகொண்டே சாப்பிட்டார்.

அன்று சாயங்காலமே பஜாரில் ஸ்டூடியோவுக்குப் போய்ப் புது போட்டோ எடுத்தேன். ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் என்னைப் பெரிதாக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். “கண்ணுக்குக் கீழ பை இருக்கு, எடுத்துறலாம். முடியைக் கொஞ்சம் கருப்பாக்கிறலாம். அந்தக் காதையும் உள்ள தள்ளிட்டா பத்து வயசு குறைஞ்சிரும் சார்.”

யோசித்தேன். கண்ணுக்குக் கீழே என்றபோது மனசு கொஞ்சம் ஆடியது. பொய் சொல்லவில்லை, நன்றாகவே ஆடியது.

“கண்ணுல லேசா என்னவோ பண்ணிக்கங்க. காதுல மட்டும் கை வைக்காதீங்க. அதை வச்சுத்தான் ஒருத்தர் எனக்கு சீட் பிடிக்கறாரு.”